வேலிக்கு மேல் எழும்பிய தலை

எங்கள் எஸ்டேட் கோயில் திருவிழாவில் ஒரு காளை பந்தலுக்குள் புகுந்து பாயசப் பானையைக் கவிழ்த்ததே, அந்த வருஷம்தான் என் குதிகால் கெட்டது. காளை யாருடையது என்று இன்னும் சண்டை ஓயவில்லை. அது கிடக்கட்டும், காலுக்கு வருகிறேன்.

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தில் குலை வெட்டுவது என் வேலை. நீளக் கம்பின் நுனியில் அரிவாள். உயரமான மரம் என்றால் நுனிக்காலில் எம்பித்தான் இழுக்க வேண்டும். எம்பி எம்பிக் குதிகாலுக்குப் பின்னால் வீங்கிவிட்டது. நரம்புப் பிசகு என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். கோழிக்குழம்பு, காத்தாடிக் காற்று, ராஜ வாழ்க்கை. வலியும் போனது. திரும்ப வேலைக்குப் போன அன்றைக்கே, ஒரே எம்பு, வலி திரும்பி வந்துவிட்டது.

வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் முனியாண்டி என் பக்கத்து வீட்டுக்காரர்.

"தீபாவளி வரைக்கும் பார்ப்பேன் மாமா. சரியாகலன்னா உதிரிப்பழம் பொறுக்கப் போயிடுங்கலா."

மேலே பார்த்தே பழகிய எனக்குக் குனிந்து பொறுக்குவதை நினைக்கவே வெட்கமாக இருந்தது. கூலிம் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், நொண்டிக்கொண்டே.

பிசியோ பெண் காலை அமுக்கிப் பார்த்தாள். "அங்கிள், இது நரம்பு இல்ல, டெண்டன். சதைய எலும்போட கட்டி வச்சிருக்கிற கயிறு மாதிரி. சும்மாவே போட்டு வச்சா பலம் போயிடும். திடீர்னு வெடுக்குனு இழுத்தாலும் கெட்டுடும். மெதுவா பாரம் குடுத்துப் பழக்கணும்."

படி விளிம்பில் நுனிக்காலில் எழும்பி, குதிகாலை மெல்ல இறக்கச் சொன்னாள். வலி குறையக் குறைய முதுகில் சுமையும் ஏற்ற வேண்டுமாம்.

என் வீட்டில் படி கிடையாது. வேலியோரம் ஒரு சிமெண்டுக் கல்லைப் போட்டேன். பிடித்துக்கொள்ள வேலி தோதாக இருந்தது. அந்தப் பக்கம் மண்டோர் சம்சாரம் சரசு துணி துவைக்கும் இடம். அது என் புத்தியில் ஏறவே இல்லை. காலையும் மாலையும் என் தலை மெதுவாக எழும்பும், நிற்கும், இறங்கும். பிறகு முதுகில் அரிசிப் பையும் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினேன்.

ஒருநாள் அந்தப் பக்கம் சரசுவின் சத்தம். "எட்டிப் பாக்குறது பத்தாதுன்னு இப்ப பல்ல வேற காட்டுறாரு!"

மண்டோர் பாய்ந்து வந்தார். "யோவ் பெருசு! யாரய்யா எட்டிப் பாக்குற?"

மாமாவாக இருந்தவன் பெருசாகிவிட்டேன்.

"டெண்டன் தம்பி" என்றேன்.

"டெண்டனா? எவ அவ?"

பேசிப் பயனில்லை. பையைத் தூக்கி முதுகில் போட்டு, கெட்ட காலை மட்டும் ஊன்றி எழும்பிக் காட்டினேன். மெல்ல இறக்கினேன். மறுபடியும் எழும்பினேன். மண்டோர் வேலிக்கு மேல் எட்டி என் குதிகாலைப் பார்த்தார்.

"நாளைக்குக் கம்ப எடுங்க மாமா. மொதல்ல சின்ன மரம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் பின்னங்கால் ரொம்ப நாளா இழுக்குது."

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு கல். என் தலை இறங்கினால் அவர் தலை எழும்பியது.

"ரெண்டும் லூசுலா!" என்று துணியை அடித்துத் துவைத்தாள் சரசு.

குதிகாலைப் பிடித்துக்கொண்டு யாராவது படுத்துக் கிடந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். முதலில் ஆஸ்பத்திரியில் காட்டட்டும், அப்புறம் மெல்ல மெல்லப் பாரம் ஏற்றட்டும். சுவரைப் பார்த்து நிற்கச் சொல்ல மட்டும் மறந்துவிடாதீர்கள்.