பாதியில் வந்த தூபம்

அரபு நாட்டுத் துறைமுக ஊரான மத்ராவில் எங்கள் தெருவுக்கென்று ஒரு மூக்கு இருந்தது. அது என் பக்கத்து வீட்டு ஸுவைனாவின் மூக்கு. யார் அத்தர் வாங்கினாலும் முதலில் அவளிடம்தான் கொண்டுபோவார்கள். அவள் குப்பியைத் திறந்து முகர்ந்து, கண்ணை மூடி, ஒரு வார்த்தை சொல்வாள். நல்ல வார்த்தை என்றால் அந்தக் குப்பி மகளின் கல்யாணப் பெட்டிக்குள் ஏறும். இல்லையென்றால் குளியலறை ஜன்னலோடு அதன் கதை முடிந்தது.

சின்ன வயதிலேயே அவள் அப்படித்தானாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து கூடத்தில் நின்றபடியே, "சித்தி வந்துட்டுப் போனாங்களா? அழுதாங்களா?" என்று கேட்பாளாம். சித்தி அழும்போது தலைத்துணியில் கொஞ்சம் கூடுதலாகச் சந்தனம் தடவிக்கொள்ளும் பழக்கம் உள்ளவள். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த முதல் வாரம், மாமியார் பெருமையாகப் பூசிவிட்ட அகில் எண்ணெயை முகர்ந்து பார்த்து, "இதுல பாதி சமையல் எண்ணெய், அத்தை" என்று புதுப்பெண் வாயால் சொன்னவள் அவள். மாமியார் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அந்தக் குப்பியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வியாபாரியின் மானத்தை வாங்கிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ஸுவைனாவின் கொடி பறந்தது.

திங்கட்கிழமை காலையில், ஆண்கள் துறைமுகத்துக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, நாங்கள் எல்லோரும் அவள் வீட்டில் கூடுவோம். பழம், அல்வா, காவாக் காப்பி. அதற்குப் பிறகு எண்ணெய்த் தட்டு வரும். கடைத்தெரு யாகூப் புதிதாக வந்த அத்தரில் சொட்டுச் சொட்டாகச் சின்னக் குப்பிகளில் அனுப்பிவைப்பான். ஸுவைனா ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவாள். அதை என் போனில் பதிவு செய்து பெண்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவது என் வேலை. தூரத்து ஊரான சோஹார் வரைக்கும் அவள் குரலுக்குக் காத்திருக்கும் பெண்கள் இருந்தார்கள்.

"இது ரோஜா இல்ல, ரோஜாவோட நாத்தனார். முகம் அதே முகம்தான், வாயத் திறந்தா குட்டு வெளிப்பட்டுடும்."

"இந்தக் கஸ்தூரி விருந்துக்கு முதல் ஆளா வந்து நிக்கும். சோறு போடுறதுக்குள்ள தூங்கிடும். வாங்காதீங்க."

இப்படியெல்லாம் பேசுகிறவளுக்கு ஒரு குறை இருந்தது. அவள் தோலில் எந்த மணமும் தங்காது. விலையுயர்ந்த அகில் எண்ணெயைக் காலையில் தடவினால் மதியத் தொழுகைக்குள் ஒன்றும் இருக்காது. பாதாம் எண்ணெய் தேய்த்துப் பார்த்தாள், வாஸ்லின் பூசிப் பார்த்தாள். "என் தோல் பெருந்தீனிக்காரி, ரய்யா. போட்டதெல்லாம் தானே தின்னுட்டு ஏப்பம்கூட விடாது" என்று என்னிடம் சிரிப்பாள். சிரிப்புத்தான், ஆனால் எரிச்சலும் அதில் இருந்தது.

அவள் கொழுந்தன் ஹம்தான் ருஸ்தாக்கிலிருந்து ஷம்ஸாவைக் கட்டிக்கொண்டு வந்து அதே வீட்டு மாடியில் குடியேறினான். வந்த முதல் திங்கட்கிழமை, ஸுவைனா தன் ஓரகத்தியின் கையைப் பிடித்து இழுத்து மணிக்கட்டில் ஒரு சொட்டு சந்தன எண்ணெய் வைத்தாள். சும்மா ஒரு பாசத்துக்கு வைத்தது. மறுநாள் காலையில் ஷம்ஸா காவா கொண்டுவந்து கொடுத்தபோது அந்தச் சந்தனம் அப்படியே இருந்ததாம். ஐந்து வேளையும் தொழுகைக்குக் கை கழுவி, மீன் அரிந்து, பாத்திரம் தேய்த்த கை.

முதலில் ஸுவைனாவுக்குச் சந்தோஷம்தான். முகர்ந்து பார்க்க நல்லதொரு கை கிடைத்தது. மூக்கு இவளுடையது, தோல் அவளுடையது என்று திங்கட்கிழமைகள் அமர்க்களமாக நடந்தன. ஷம்ஸாவுக்கோ ரோஜாவும் ஒன்றுதான், குங்குமப்பூவும் ஒன்றுதான். "எனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கு அக்கா" என்பாள். பல் இல்லாதவனுக்குப் பக்கோடா கிடைத்த கதை.

போகப் போகப் பெண்கள் ஸுவைனாவின் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஷம்ஸாவின் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஸுவைனா பேசிக்கொண்டிருக்கும்போதே, "கைய இங்க நீட்டு ஷம்ஸா" என்று யாராவது இழுப்பார்கள். குழுவிலும் அதே பேச்சு. 'அந்தப் பொண்ணு கையில எத்தனை நேரம் நின்னுச்சு?' என்றுதான் கேட்டார்கள். நான் சிரமப்பட்டுப் பதிவு செய்த பேச்சைக் கேட்க ஆளில்லை. யாகூப்கூடப் புதுக் குப்பிகளை ஷம்ஸாவின் பேருக்கே அனுப்ப ஆரம்பித்தான். எனக்கே வயிறு எரிந்தது என்றால் ஸுவைனாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒருநாள் வேண்டுமென்றே, பிளாஸ்டிக் பாட்டிலில் வருகிற மட்டமான மல்லிகை எண்ணெயை எடுத்து ஷம்ஸாவின் கையில் வைத்தாள். நாறட்டும் என்று நினைத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் அது அந்தக் கையில் விடியற்காலைத் தோட்டம் மாதிரி மணத்தது. பெண்கள் அன்றைக்கே ஓடிப்போய் அதை வாங்கினார்கள்.

"அது தோலா இல்ல சூனியமா?" என்று ஸுவைனா என்னிடம் பல்லைக் கடித்தாள். "குப்பையக் கொட்டினாலும் பூக்குது. நான் தங்கத்தப் பூசினாலும் பித்தளை. அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது ரய்யா, ஒரு மண்ணும் தெரியாது!"

"தெரியாதுன்னு அவளே சொல்றாளே."

"அதான் இன்னும் எரியுது."

இதற்குள் நஸ்ராவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நஸ்ரா எங்கள் தெருவில் மூத்தவள், அவள் பேச்சை யாரும் தட்டமாட்டார்கள். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் மணப்பெண்ணுக்கான எண்ணெயைத் தேர்ந்தெடுத்து, மருதாணி அன்று முதலில் பூசிவிடுவது ஸுவைனாதான். நஸ்ரா எப்போது வாய் திறந்து கேட்பாள் என்று ஸுவைனா காத்துக்கொண்டே இருந்தாள். குங்குமப்பூவும் சந்தனமும் கஸ்தூரியும் சேர்த்து ஒரு கலவையை யாருக்கும் காட்டாமல் ஊறவைத்துமிருந்தாள். எனக்கு மட்டும் ஒரு முறை திறந்து காட்டினாள். அதை முகர்ந்த பிறகு என் வீட்டுக் குப்பிகளைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை எல்லோரும் இருந்தோம். தட்டில் பாதிக் குப்பிகளை இன்னும் திறக்கவில்லை. நஸ்ரா ஷம்ஸாவின் கையைப் பிடித்து முகர்ந்து, விடாமலே பேசினாள்.

"எம் பொண்ணுக்கு எண்ணெய நீதான் எடுத்துக் குடுக்கணும். உன் கையில எது நிக்குதோ அது போதும்."

ஷம்ஸா பதறிவிட்டாள். "ஐயோ, எனக்கு என்னங்க தெரியும்? அக்காவக் கேளுங்க."

"அவ சொல்லுவா, நல்லாத்தான் சொல்லுவா. சொல்லா மணக்கப்போகுது?" என்றாள் நஸ்ரா.

பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஸுவைனா மட்டும் தட்டிலிருந்த குப்பிகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஷம்ஸா அடுத்த எண்ணெய்க்காகக் கை கழுவ உள்ளே போனாள். "காவா சூடா கொண்டு வரேன்" என்று ஸுவைனாவும் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் காவா இல்லை. உட்கார்ந்து மறுபடியும் குப்பிகளை அடுக்கினாள்.

சற்று நேரத்தில் சமையற்கட்டிலிருந்து வேலைக்காரி ஹவா வந்தாள். அவள் கையில் தூபக்கால் புகைந்துகொண்டிருந்தது.

தூபம் வந்த பிறகு உட்காருவதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கு. தின்று, குடித்து, மணம் பூசி, பேசி முடித்த பிறகுதான் சாம்பிராணிப் புகை வரும். வந்தால் எழுந்துகொள்ள வேண்டும். பேச்சின் நடுவில் அதைக் கொண்டுவருவது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமம். என் கோப்பையில் காவா இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. நஸ்ரா அந்தப் புகையைப் பார்த்தாள், ஸுவைனாவைப் பார்த்தாள். பிறகு ஒன்றுமே நடக்காதவள் போலத் தலைத்துணியைத் தூபத்தின் மேல் பிடித்து மணமேற்றிக்கொண்டு, சலாம் சொல்லிவிட்டு வெளியேறினாள். அவள் பின்னால் எல்லோரும் போனார்கள்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஷம்ஸா ஈரக்கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்தாள். "எங்க போயிட்டாங்க எல்லாரும்?" என்றாள். யாரைத் துரத்தப் புகை போட்டாளோ, அவள் அந்த வீட்டுக்காரி. அவளை எங்கே துரத்துவது? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது பொய்யில்லை.

அடுத்த திங்கட்கிழமை யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் போனேன். அல்வா மேலே ஏடு படிந்து கிடந்தது. "மழை வர்ற மாதிரி இருக்கில்ல, அதான் யாரும் காணோம்" என்றாள் ஸுவைனா. ஜன்னலுக்கு வெளியே பாறை வெடிக்கும் வெயில்.

ஷம்ஸா அந்த வெயிலில் வீடு வீடாகப் போனாள். என் வீட்டுக்கும் வந்தாள். "தப்பு என்னோடதுங்க. துணிக்குப் புகை போட, கரிய மூட்டி வைன்னு ஹவாகிட்ட நான்தான் சொன்னேன். அவ கூடத்துக்குக் கொண்டு வந்துட்டா. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது." பொய் என்று எனக்குத் தெரியும், தெரு முழுவதுக்கும் தெரியும். ஆனால் திரும்பி வர எல்லோருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்தப் பொய்யை நன்றாகத் துவைத்து, மடித்து, எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகவே மறு திங்கட்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. ஸுவைனாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் காதருகில் குனிந்து, "பாத்தியா? என் மூக்கு இல்லாம இவங்களுக்கு நடக்குமா?" என்றாள். ஷம்ஸா போய் வந்த கதை அவளுக்குத் தெரியாது. சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்ணெய்த் தட்டு வந்தது. அப்போது நஸ்ரா ஷம்ஸாவை இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள்.

"தங்கமான பொண்ணு. சின்ன விஷயம் அந்தத் தூபம். அதுக்குப் போயி எல்லார் வீட்டுப் படியும் ஏறி, என் தப்புன்னு சொல்லிட்டு வந்தாளே! கையும் மணக்குது, குணமும் மணக்குது."

"ஆமாமா, அந்த மனசு யாருக்கு வரும்" என்று ஒருத்தி பின்பாட்டுப் பாடினாள்.

ஸுவைனாவின் கையில் திறந்த குப்பி இருந்தது. அவள் ஷம்ஸாவைப் பார்த்தாள். ஷம்ஸா தலையைக் குனிந்துகொண்டாள். பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். எனக்கே அவள் தொடையைக் கிள்ளி அடக்க வேண்டும் போலிருந்தது.

"தூபம் கொண்டுவரச் சொன்னது நான்" என்றாள் ஸுவைனா. "அவ இல்ல. அவ பொய் சொல்றா. நீங்க எல்லாரும் எழுந்து போகணும்னுதான் சொன்னேன்."

"சரிடி, விடு. முடிஞ்சு போன கதை" என்றாள் நஸ்ரா.

"விடமாட்டேன். என் பேச்சு அவ கைக்குப் போச்சு. யாகூப் அனுப்புற குப்பி அவளுக்குப் போச்சு. உங்க பொண்ணு எண்ணெயும் போச்சு. நான் செஞ்ச தப்பையும் அவளே எடுத்துக்கிட்டு நல்ல பேர் வாங்கணுமா? அது ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டும்."

குரல் உடைந்துவிட்டது, ஆனால் அவள் அழவில்லை. குப்பியை மூடித் தட்டில் வைத்தாள். நஸ்ரா கோப்பையைக் கீழே வைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எழுந்து போகவில்லை.