தொப்பியைக் கண்டால் குனியும் கழுத்து

மலாயாவில் சிம்பாங் ரெங்கத்துக்கு அருகே உள்ள அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் காலையில் பிள்ளைகள் டிரில்லுக்கு நிற்பதைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ஒரு பிள்ளைகூடத் தரையைப் பார்த்து நிற்காது. இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்குக் காளியப்பன் வாத்தியாரின் கதை தெரியாது என்று அர்த்தம்.

1935-ஆம் வருஷம் காளியப்பனுக்கு இருபது வயது. ஜொகூர் பாருவில் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் இரண்டாம் வருஷம். மொத்தம் பதினெட்டு மாணவர்கள். அதில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு வந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி மகன், கடைக்காரர் மகன் என்று பட்டணத்துப் பையன்கள். கணக்கிலும் இலக்கணத்திலும் அவர்கள் முந்தினார்கள். ஆனால் தேகப் பயிற்சி வகுப்பு வந்துவிட்டால் காளியப்பனை அடிக்க ஆளில்லை. மாமரக் கிளையில் கட்டிய கயிற்றில் மற்றவர்கள் பாதி ஏறி மூச்சு வாங்கும்போது அவன் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு நிற்பான்.

"டேய் காளி, உன் அப்பன் வீட்ல குரங்கு வளர்த்தாரா, இல்ல குரங்கு உன்னை வளர்த்துச்சா?" என்பான் ரோலண்ட். தம்போயில் இருந்து வந்தவன். விடுதியில் பக்கத்துக் கட்டில்.

"ரப்பர் காட்டுல வளர்ந்தவன்லா நான். உனக்கு ஏணி வச்சாலும் ஏற வராது."

இத்தனை இருந்தும் அந்த வருஷப் பரீட்சையில் தேகப் பயிற்சியில்தான் காளியப்பன் தோற்றான். கயிற்றுக்கு முழு மதிப்பெண், ஓட்டத்துக்கு முழு மதிப்பெண். நேராக நிற்பதற்குச் சுழி.

பயிற்சியாளர் ஸ்டானிஸ்லாஸ் மாஸ்டர் தக்கைத் தொப்பி போட்டு, பிரம்பைக் கக்கத்தில் இடுக்கி, வரிசையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். அவர் மூன்றாவது ஆளைத் தாண்டும்போதே காளியப்பனின் தலை கீழே போய்விடும். கைகள் தாமாக மார்பின்மேல் கட்டிக்கொள்ளும்.

"என்னப்பா, கீழே பாம்பா ஊருது?" என்றார் மாஸ்டர் முதல் நாள். வரிசை சிரித்தது. பரீட்சை அன்று அவர் சிரிக்கவில்லை. "வாத்தியாராப் போறவன் நீ. நீ குனிஞ்சு நின்னா உன் புள்ளைங்க எப்படி நிக்கும்? இன்னும் ஒரு தடவைதான். உன் தோட்டத்திலேயே வந்து சோதிப்பேன். அங்கேயும் தலை விழுந்தா சான்றிதழ் கிடையாது."

சான்றிதழ் இல்லாவிட்டால் அவனுக்குப் பழையபடி பால்வெட்டுக் கத்திதான். அவனை அனுப்புவதற்காக அம்மா கிருஷ்ணம்மா இரண்டு பேருக்கான ரப்பர் மரங்களில் ஒருத்தியாகப் பால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் விடுதிக்குப் பின்னால் ரோலண்ட் அவனை நிறுத்திப் பார்த்தான். மாஸ்டர் மாதிரியே ஒரு குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான். காளியப்பன் கம்பு மாதிரி நின்றான். மறுபடி நடந்தான். அப்போதும் நின்றான்.

"நல்லாத்தானே நிக்கிறே! அப்புறம் என்ன கேடு?"

ஏதோ தோன்றி ரோலண்ட் உள்ளே போய், தன் அப்பா கொடுத்த பழைய தக்கைத் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். நான்கு அடி நடப்பதற்குள் காளியப்பனின் தலை சாய்ந்தது.

தொப்பியைக் கழற்றினான். தலை நிமிர்ந்தது. போட்டான். விழுந்தது.

"அலமாக்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் ரோலண்ட். "விசை வச்ச பொம்மைடா நீ!" நாலைந்து தடவை போட்டும் கழற்றியும் பார்த்தான். பிறகுதான் காளியப்பனின் முகத்தைக் கவனித்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

காளியப்பன் மெல்லச் சொன்னான். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு. அதாவது ஆள் கணக்கு எடுக்க எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை தொப்பியோடு ஆபீஸ் படியில் நிற்பார். கங்காணி பேர் கூப்பிடுவார். ஒருநாள் அப்பா துரையின் முகத்தை நேராகப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டார். 'முறைத்தான்' என்று அன்றே வேலையிலிருந்து பேர் வெட்டிவிட்டார்கள். வேலை தேடி வேறு தோட்டத்துக்குப் போன அப்பா அங்கே காய்ச்சலில் இறந்துபோனார். பதினோரு வயதில் வேலைக்குச் சேர்ந்த காளியப்பன் பெரட்டில் நிற்கும்போதெல்லாம், பக்கத்தில் நின்ற அம்மா தன் உள்ளங்கையை அவன் பிடரியில் வைத்து அழுத்துவாள். "நிமிராதே சாமி, நிமிராதே." நான்கு வருஷம், ஒவ்வொரு காலையும்.

"அந்தக் கை இன்னும் அங்கேயே இருக்குடா," என்றான் காளியப்பன்.

ரோலண்ட் கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்தான். "சரி, எந்திரி மச்சான். நான்தான் உன் துரை. இன்னிக்கு எத்தனை எண்ணுற வரைக்கும் நீ தலை குனியாம நிக்கிறேன்னு பார்ப்போம்."

முதல் நாள் இரண்டு வரை எண்ணினார்கள். ஒரு வாரத்தில் நான்கு. பட்டணத்துப் பையன்கள் சிலர் மதிலில் உட்கார்ந்து, "துரை வராரு, துரை வராரு!" என்று கத்திக் கேலி செய்தார்கள். காளியப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. "சத்தமா கத்துங்கலா, பழகிக்கிறேன்," என்றான். இரண்டு மாதம் விடாமல் நின்றும் ஏழுக்கு மேல் போகவில்லை. எட்டு என்றால் தலை விழுந்துவிடும்.

சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவனை அவன் தோட்டத்துப் பள்ளிக்கே அனுப்பினார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகள். டிரில் நடத்தச் சமதளமான இடம் பெரட்டுக்களம் ஒன்றுதான். அங்கே வரிசையாக நில்லுங்கள் என்றதுமே முப்பத்திரண்டு தலைகளும் கவிழ்ந்தன. காளியப்பன் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் பிள்ளைகளை அதட்டவில்லை. மரப்பட்டையில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றித் தேங்காய் அளவு பந்து செய்தான். களத்தோரத்து மரத்தில் ஏறி, பிள்ளைகள் எம்பினால் விரல் படும் உயரத்தில் அதைத் தொங்கவிட்டான். "தொடுறவங்கதான் இன்னிக்கு லீடர்." பிள்ளைகள் பந்தைப் பார்த்துக் குதித்தார்கள். குதித்து முடித்த அதே முகத்தோடு வரிசையில் நிறுத்தினான். கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகள் நிமிர்ந்தே நின்றன.

சோதனை நாள் வந்தது. ஸ்டானிஸ்லாஸ் மாஸ்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெட்டிய பாலை எடை போடும் நேரம். வாளிகளோடு நின்ற ஆட்கள் களத்து ஓரத்தில் கூடிவிட்டார்கள், அவர்களில் கிருஷ்ணம்மாவும் இருந்தாள். யாரும் எதிர்பாராமல் துரையும் வந்து, காலையில் நிற்கும் அதே படியில் மாஸ்டர் பக்கத்தில் நின்றார். இப்போது இரண்டு தொப்பிகள்.

பிள்ளைகளின் தலைகள் ஒன்றாகக் கவிழ்ந்தன. மரத்தில் பந்து சும்மா தொங்கியது.

விதிப்படி காளியப்பன் வகுப்புக்கு முன்னால் வந்து, பிள்ளைகளுக்கு முதுகு காட்டி, படியைப் பார்த்து விறைப்பாக நிற்க வேண்டும். மாஸ்டர் தலையசைத்த பிறகுதான் டிரில் தொடங்கலாம். அவன் நின்றான். மனத்துக்குள் எண்ணினான். ஐந்து. ஆறு. மாஸ்டர் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். ஏழு. அவர் இன்னும் நிமிரவில்லை.

எட்டில் தலை விழுந்தது.

தன் பாதத்தைப் பார்த்தான். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தான். பிடரியில் அந்தக் கை இருந்தது. ஆனால் அம்மா வாளியோடு இருபது அடி தள்ளி நிற்கிறாள் என்பதும் ஞாபகம் வந்தது. இரண்டு கையாலும் வாளியைப் பிடித்திருக்கிறாள். அப்படியென்றால் இங்கே அழுத்துவது யார்?

விழுந்த தலையை அவன் தூக்கினான். கயிற்றில் கடைசி முழம் ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கழுத்து நடுங்கியது. தாடை நேராக வந்தது. துரையின் முகம் தெரிந்தது. வெயிலில் சிவந்த, களைத்த, சாதாரண முகம். துரை கொட்டாவி விட்டார்.

பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு அவன் முகம் தெரியாது. அவர்கள் பார்த்தது அவன் பிடரியை. அது விழுந்ததையும் பார்த்தார்கள், எழுந்ததையும் பார்த்தார்கள். மாஸ்டர் தலையசைக்க, காளியப்பன் திரும்பி, "அட்டென்ஷன்!" என்றபோது முப்பத்திரண்டு முகங்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

துரை பாதியிலேயே போய்விட்டார். மாஸ்டர் கடைசிவரை நின்று, கயிறு, ஓட்டம், குதிப்பு எல்லாம் பார்த்துத் தாளில் எழுதிக் கொடுத்தார். நேராக நிற்பதற்குப் பத்துக்கு ஆறு. அதற்குக் கீழே ஒரு வரி: 'தலை ஒரு முறை விழுந்தது. தானே எழுந்தது. தேர்ச்சி.'

கங்காணி ஐயாசாமி மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். "என்னடா காளி, இதுக்கா உன்னைப் படிக்க அனுப்பினோம்? நாளைக்கு இதுங்க பெரட்டுல வந்து துரையை முறைக்கும்."

"முறைக்கச் சொல்லலைங்கண்ணே. பார்க்கத்தான் சொல்லிக் குடுத்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்டா!"

"இல்லண்ணே. இன்னிக்குத்தான் எனக்கே வித்தியாசம் தெரிஞ்சுச்சு."

ஐயாசாமி முணுமுணுத்துக்கொண்டே போனார். காளியப்பன் இப்போது அதே பள்ளியில் நான்காவது வருஷமாக வாத்தியார். ஐயாசாமியின் பேரனும் அந்த வரிசையில்தான் நிற்கிறான். பந்தைத் தொடுவதில் அவன்தான் முதல்.

அந்தச் சோதனை நாளன்று கிருஷ்ணம்மா பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மகனிடம் வந்தாள். பழக்கத்தில் அவள் கை அவன் பிடரிக்குப் போயிற்று. அவன் நிமிர்ந்து நின்றதால் அவளுக்கு எட்டவில்லை. குதிகாலை உயர்த்தித் தொட்டாள். அழுத்தவில்லை, வேர்வையைத் துடைத்தாள்.

"கழுத்து வலிக்குதா சாமி?"

"வலிக்குதும்மா," என்றான் காளியப்பன்.