பாங்கு கலந்த அலை

என் தம்பி பாலாவியில் ஓர் அறை எடுத்து, கைபேசியில் ஆடும் விளையாட்டுகளைச் செய்கிறான். அவற்றுக்கு வேண்டிய சத்தங்களைத் தேடி, வெட்டிச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. மாலையில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்து குர்ஆன் ஓதிக் கொடுக்கிறேன்.

இணையத்தில் இலவசம் என்று போட்டிருப்பதெல்லாம் இலவசமில்லை. சிலவற்றை விற்கும் பொருளில் சேர்க்கக் கூடாது. சிலவற்றுக்குப் பதிவு செய்தவரின் பெயரைப் போட வேண்டும். நிபந்தனையைக் கடைசி வரி வரை வாசித்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து ஒலியோடு சேர்த்து வைப்பேன். சத்தம் தேடிப் போனால் வேறு ஏதோ மென்பொருளைத் தலையில் கட்டும் தளங்களின் பக்கம் போவதில்லை. வெட்டுவதற்கு முன் ஹெட்போன் மாட்டி முழுவதையும் கேட்பேன்.

"சும்மா கிடைக்கிற சத்தத்துக்கு நிக்காஹ் எழுதுறீங்களா ராத்தா?" என்று தம்பி சிரிப்பான்.

படகுப் போட்டி விளையாட்டு ஒன்று முடியும் தறுவாயில், நான் உம்மாவோடு ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தது. படகு கவிழும் இடத்துக்கு அலைச் சத்தம் தேவைப்பட்டிருக்கிறது. தம்பியே ஒன்றை இறக்கி, வெட்டி, திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி பொருத்தி, விளையாட்டை வெளியிட்டும் விட்டான். பெயர்ப் பட்டியலில் 'ஒலி' என்ற இடத்தில் வழமைபோல் என் பெயர்.

வீட்டுக்கு வந்து விளையாட்டைப் போட்டுக் கேட்டேன். அலைக்கு அடியில், தூரத்தில், பாங்கு. எந்த நாட்டுக் கடற்கரையிலோ தொழுகைக்கு அழைத்த குரல். வெட்டு அதைப் பாதிச் சொல்லில் அறுத்திருந்தது. படகு கவிழும்போதெல்லாம் அதே அரைச் சொல்.

"உனக்குக் கேக்கல்லையா?" என்று போனில் கேட்டேன்.

"கேட்டுச்சு ராத்தா. நம்மட பள்ளியில பாங்கு சொல்றாங்கண்டு நினைச்சேன். மரியாதைக்கு ஸ்பீக்கரை நிப்பாட்டிட்டு, திரையில சத்தம் ஏறி இறங்குற கோட்டைப் பார்த்துத்தான் வெட்டினேன்."

அதற்குள் ஊருக்கும் கேட்டுவிட்டது. பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து இருவர் வீட்டுக்கு வந்தார்கள். தம்பியும் வந்து உட்கார்ந்திருந்தான்.

"பாங்கை விளையாட்டாக்கிட்டீங்களே மகள்."

"அதை நான் வெட்டல்ல."

"பேர் உங்கடதானே போட்டிருக்கு?"

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்: "ஓம் ஹாஜியார், சத்தமெல்லாம் ராத்தாட வேலைதான்."

மறுநாள் மாலை ஓத ஒரு பிள்ளையும் வரவில்லை.

குரலும் அலையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் செத்தது. அதனால் ஒலிப்பதிவுக் கருவியோடு கற்பிட்டிக் கரைக்குப் போனேன். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து, பிற்பகல் அஸர் பாங்குக்கு முன்னுள்ள இடைவெளியில் அலையைப் பதிவு செய்தேன். காற்றின் இரைச்சலைக் குறைத்து, தொடக்கமும் முடிவும் தெரியாமல் இணைத்துக் கொடுத்தேன். தம்பி பழையதை நீக்கி இதைப் போட்டான். கூடவே என் பெயரையும் நீக்கினான்.

"உங்கட நன்மைக்குத்தான் ராத்தா. பேர் இல்லாட்டி ஆரும் கதைக்க மாட்டாங்க."

பிள்ளைகள் இப்போது வேறொரு வீட்டில் ஓதுகிறார்கள். என் வாசலைக் கடந்து அங்கே போகையில், அவர்களில் ஒருத்தியின் கையிலிருந்த போனில் என் அலை கேட்டது. சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று தம்பியிடம் கேட்டேன்: "என்ட அலையை எந்த நிபந்தனையில எடுத்தாய்?"

அவன் சிரித்தான். "ராத்தாட சத்தம்தானே. சும்மாதான்."