இருபது வருஷத் திட்டமும் ஒரு முள்ளுப் புதரும்

போன செவ்வாய்க்கிழமை ஒரு மீட்டிங்குக்குப் போயிருந்தேன். போயிருக்கவே கூடாது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இந்த வாரம் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் ஒரு காடு இருக்கிறது. காடு என்று பெயர்தான். உசிலும் வேம்பும் விறகாகி அடுப்புக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. அதற்கப்புறம் அங்கே இருந்தது சீமைக் கருவேல முள், உள்ளே நாலு ஆடு, ஓரத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிவிட்ட புழுதி. இதை மறுபடி நிஜக் காடாக்கி, நடுவில் ஒரு பூங்காவும் வைக்கப் போகிறார்கள். இருபது வருஷத் திட்டம். நல்ல காரியம்தானே? "ஆலோசனைக் குழுவில் மகளிர் பிரதிநிதியா இருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

மகளிர் பிரதிநிதிக்கு என்ன வேலை தெரியுமா? குத்துவிளக்கு ஏற்றும்போது மெழுகுவர்த்தியை நீட்டுவது. மற்ற நேரத்தில் பிஸ்கட் சாப்பிடுவது. முதல் இரண்டு மீட்டிங்கிலும் இந்தக் கடமையைக் குறைவில்லாமல் செய்தேன்.

மூன்றாவது மீட்டிங்குக்கு முதல் நாள் ராசாத்தி வந்தாள்.

ராசாத்தி எங்கள் வீட்டுக்குக் கீரை கொண்டுவருகிறவள். அந்தக் காட்டை ஒட்டின தெருவில்தான் அவள் வீடு. என் வயசுதான் இருக்கும். கீரைக்கூடையை இறக்கக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"டீச்சரம்மா, உங்க ஆபீசருங்க எங்கள நடுரோட்டுல நிறுத்திட்டாங்க."

"ஏன், வூட்டை இடிக்கிறாங்களா?"

"வூட்ட இடிச்சாக்கூட சொல்லி அழுதுடலாம். இத எங்க போய்ச் சொல்றது? முள்ளுக்காட்ட வெட்டிட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. முள்ளை வெட்டினால் நல்லதுதானே? திட்டத்தின் முதல் கட்டமே அதுதானே? மீட்டிங்கில் கைதட்டி ஏற்றுக்கொண்டோமே... நானும்தான் தட்டினேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ஆம்பளைகளுக்கு ஏரிக்கரை. பொம்பளைகளுக்கு அந்த முள்ளுக்காடு. ஆள் உயரத்துக்கு அடர்ந்து கிடந்ததால் மானத்தோடு போய்விட்டு வர முடிந்தது. போன மாசம் வெட்டுக்கூலி ஆட்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் வழித்துவிட்டார்கள். கடைசியாக ஒரு மூலைப் புதர் மட்டும் பாக்கி. அதிலும் அரிவாளை ஓங்கியபோது ராசாத்தி ஓடிப்போய்க் குறுக்கே நின்றிருக்கிறாள்.

"வெட்டாதீங்க!"

"ஏன், இந்த முள்ள வச்சு என்ன பண்ணப்போற?"

என்னவென்று சொல்வாள்? எதிரே நிற்பது அத்தனையும் ஆம்பளைகள். அதில் ஒருத்தன் கொழுந்தன், இன்னொருத்தர் சம்பந்தி. சம்பந்தி முன்னால் சொல்கிற விஷயமா இது? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அங்க அம்மன் இருக்கு!"

அவ்வளவுதான். அரிவாள் கீழே விழுந்தது. செருப்புகள் கழன்றன. மறுநாள் புதருக்கு ஒரு மஞ்சள் துணி, அடியில் ஒரு செங்கல், அதற்கு மஞ்சள், குங்குமம். வெள்ளிக்கிழமை பொங்கல்!

"சபாஷ்! புதர் தப்பிச்சுதுல்ல?" என்றேன் நான், மண்டு மாதிரி.

"தப்பிச்சு என்னா பிரயோசனம்? சாமி இருக்குற எடத்துல போயி எப்படிங்க டீச்சரம்மா..."

"அடி, நீதானே சொன்ன? பொய்தானே?"

"பொய்தாங்க. ஆனா பொங்க வச்சுட்டாங்களே!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை.

அவள் மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எட்டு மாசம். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அடிக்கடி போகவேண்டியிருக்கும், பெண்களுக்குத் தெரியும். இப்போது போகவேண்டுமானால் லாரி ரோட்டைத் தாண்டி ஓடைக்குப் போகணும். அதுவும் இருட்டின பிறகு. அதனால் அந்தப் பெண் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லையாம். போன வாரம் ஓடைச் சரிவில் சறுக்கி விழுந்திருக்கிறாள்.

"கைய ஊணிக்கிட்டா, தப்பிச்சா. வயிறு அடிபட்டிருந்தா என்னாவறது? நர்ஸம்மா தண்ணி குடி குடின்னு திட்டுது. எங்க குடிக்கிறது?"

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

(இதை எழுதலாமா என்று ராசாத்தியிடமே கேட்டேன். "எழுதுங்க, பேர மட்டும் மாத்திப்புடுங்க. அம்மன் பொய்யின்னு தெரிஞ்சா என்னைய ஒதுக்கி வச்சிடுவாங்க" என்றாள். எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டேன். ஊர்க்காரர்கள் தேடவேண்டாம்.)

மறுநாள் மீட்டிங். திருச்சியிலிருந்து ஜீப்பில் வந்த ஆபீசர் சுவரில் ஒரு பெரிய மேப்பை மாட்டினார். எங்கே பார்த்தாலும் பச்சை பென்சில். நல்ல மனுஷர், மரங்களைப் பற்றிப் பேசினால் முகம் மலர்ந்துவிடும். ஆனால் மரங்களை விட்டு இறங்கவே மாட்டார். முதல் கட்டம் முள் வெட்டு, வேலி, நுழைவு வளைவு. இரண்டாம் கட்டம் மரக்கன்று. மூன்றாம் கட்டம் சறுக்குமரம், மான் கூண்டு, படகுக் குளம்.

படகுக் குளம்! சித்திரை மாசத்தில் குடத்தோடு குழாயடியில் தவம் கிடக்கிற ஊரில்!

"அப்புறம் டீச்சர், ஒரு சந்தோஷமான விஷயம். அங்கே திடீர்னு ஒரு அம்மன் கோயில் வந்திருக்கு. மக்கள் நம்பிக்கையில நாம கை வைக்கக்கூடாது. புதருக்கு முன்னால நாலு சிமெண்ட் பெஞ்ச், ஒரு டியூப் லைட் போடறோம். விசிட்டர்ஸ் நிறைய வருவாங்க."

டியூப் லைட்டாம். எனக்கு நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது.

"சார், கக்கூஸ் எந்தக் கட்டத்துல வருது?"

மேப்பின் ஓரத்தைத் தேடினார். "நாலாம் கட்டம். பதினாறாவது வருஷம். முதல்ல காடு வளரட்டும் டீச்சர், கூட்டம் வரட்டும், அப்புறம் வசதிகள்."

பதினாறாவது வருஷம்! அதற்குள் செல்வி வயிற்றில் இருக்கிற பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருக்கும்.

"அது வரைக்கும் பொம்பளைங்க எங்கே போவாங்க?"

"எங்கேன்னா... பார்க்குக்குத்தான் வருவாங்க."

"சார், ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எங்கே போவாங்க?"

சொல்லிவிட்டேன். கணீரென்றே சொல்லிவிட்டேன். பத்தொன்பது வருஷமாக வகுப்பில் கத்திய தொண்டை. குழுவில் 'முக்கியப் பிரமுகர்' என்று போட்டிருக்கிற ரைஸ்மில் முதலாளி சட்டென்று மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். குறிப்பெழுதுகிற கிளார்க் பேனாவை மூடினார். ஏதோ நான்தான் அங்கேயே உட்கார்ந்துவிட்ட மாதிரி எல்லோருக்கும் கூச்சம்.

ஆனாலும் விடவில்லை. நீங்கள் வெட்டினது முள் இல்லை, அந்தத் தெருப் பெண்களின் மறைப்பு என்று சொன்னேன். எட்டு மாசக்காரி ஓடையில் விழுந்ததைச் சொன்னேன். அம்மன் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஆபீசர் மேப்பை உற்றுப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்தார். "இது எனக்குத் தோணவே இல்லை டீச்சர். முதல் கட்டத்துக்கே கொண்டுவந்துடறேன். பெண்களுக்குத் தனியா. விசிட்டர்ஸ் நேரம் காலை ஒன்பதிலிருந்து சாயந்தரம் ஆறு வரைக்கும் திறந்திருக்கும்."

ஜெயித்த சந்தோஷத்தோடு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் ராசாத்தி காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒம்போதா? நாங்க ஏழு மணிக்கே களையெடுக்கப் போயிடுவமே. ஆறு மணிக்குத்தான் வூட்டுக்கே வரோம்."

"ஆனா விசிட்டர் டயம் அதுதானாம் ராசாத்தி."

"விசிட்டர்னா யாரு?"

"வெளியூர்லேருந்து பார்க்க வர்றவங்க."

"ஓகோ... அப்ப இது எங்களுக்கில்லையா?"

அவளையும் கூட்டிக்கொண்டு அப்படியே திரும்பினேன். உள்ளே ஆபீசர் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் கக்கூஸ் சாவி தெருப் பெண்கள்கிட்ட இருக்கணும்."

"அதெப்படி டீச்சர், வெளியாட்கள்கிட்ட கவர்மெண்ட் சாவியை..."

"வெளியாளா? நீங்க மூணு வருஷத்துல மாத்தலாகிப் போயிடுவீங்க. இவங்க இங்கேயே பிறந்து இங்கேயே சாகிறவங்க. இந்தக் காட்டுக்கு விசிட்டர் நீங்கதான் சார்!"

வடை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. கோபிப்பார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். கிளார்க்கைப் பார்த்து, "அந்தப் பூட்டை எடுங்க" என்றார்.

பூட்டா?

ஆமாம். இருக்கிறதாம்! மார்ச் மாசம் பணம் திரும்பிப் போய்விடக்கூடாது என்று நாலாம் கட்டத்துக்கான பூட்டை இப்போதே வாங்கி வைத்திருக்கிறார்கள். கட்டடம் பதினாறு வருஷம் கழித்து, பூட்டு முதலில். கிளார்க் பீரோவைத் திறந்து, எண்ணெய்க் காகிதம் பிரிக்காத பூட்டிலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

ராசாத்தி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். ஆபீஸ் வாசலைத் தாண்டின பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"கதவு எப்ப டீச்சரம்மா வரும்?"

"சீக்கிரம் வரும்."

"செல்விக்கு அடுத்த மாசங்க."

ஆபீசருக்குத்தான் இதைச் சொல்லவேண்டும்... பிள்ளை எந்தக் கட்டத்துக்கும் காத்திருக்காது சார், அது பாட்டுக்கு வந்துவிடும்!