மரநாய்க்கு வெறி

சீவரத்தினத்தை ஊர் சீவன் என்றுதான் கூப்பிட்டது. பாதிப் பெயரோடு ஐம்பத்தாறு வயது வரை வந்துவிட்டார். தகப்பன் பனையேறிக் கள் இறக்கியவர். அந்தக் கள்ளிலேயே செத்தவர். கொள்ளி வைத்துவிட்டு வந்த பதினாறு வயது மகன், பாளை சீவும் கத்தியைக் கிணற்றுக்குள் எறிந்து, இனி மரமும் ஏறுவதில்லை, கள்ளும் தொடுவதில்லை என்றார். நாற்பது வருடம் அந்தச் சொல் நின்றது. கலியாண வீடுகளில் மற்ற ஆம்பிளைகள் குடிக்கப் பின்வளவுக்குப் போகும்போது அவர் பந்தலில் சின்னப் பிள்ளைகளோடு இருந்து கேலி வாங்கினார். தாயில்லாத மகள் அருந்ததி, அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போய் இரசாயனத்தில் பட்டம் வாங்கியதும் அந்தச் சொல்லின் பலன் என்றே நம்பினார்.

சாவகச்சேரிக்குக் கிழக்கே, தபால் அதிபராக இருந்து இளைப்பாறிய நமசிவாயத்தின் பலாத் தோட்டத்துக்கு அவர் காவல். மரங்களுக்கு நடுவே இருந்த கொட்டிலில்தான் தகப்பனும் மகளும் குடியிருந்தார்கள். காவல் போனால் கூரையும் போகும்.

முன்பெல்லாம் முற்றிய காய்களை லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். தொண்ணூற்றொன்றில் சண்டையால் பாதையும் இல்லை, டீசலும் இல்லை. ஊரெல்லாம் பலாமரம், எத்தனையைத்தான் தின்பது? பழங்கள் மரத்திலேயே பழுத்து விழுந்து, பிளந்து, வெயிலில் புளித்தன. வளவு முழுக்கக் கள்ளுக் கொட்டிலின் மணம். தகப்பன் செத்த அன்றைய மணம் என்று சீவரத்தினம் மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு திரிந்தார்.

“ஒரு மரநாய் வேலியிலை ஏறுறதும் விழுறதுமாய் நிண்டது பிள்ளை,” என்றார் ஒரு காலையில். “புளிச்ச பழத்தைத் திண்டிட்டு, கள்ளுக் குடிச்ச மாதிரி நல்ல வெறி. என்னைக் கண்டும் ஓடேல்லை.”

அருந்ததி சிரித்துவிட்டுத் தேத்தண்ணியை நீட்டினாள்.

அன்றைக்கே நமசிவாயம் வந்தார். சீவரத்தினம் அழுகிய பழங்களை வாரி, வெட்டிய கிடங்கில் கொட்டிக்கொண்டு நின்றார். கையிலும் உடுத்திருந்த சாரத்திலும் அதே மணம்.

“என்ன சீவன், கொப்பன்ரை தொழிலைத் துவங்கிட்டியோ?”

“இல்லை ஐயா. பழம் புளிச்சுப் போச்சு. மரநாயள் கூட வெறியிலை திரியுது.”

“மரநாய்க்கு வெறி, உனக்கு மணம் மட்டும்.” வேலிக்கு அப்பால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். “உவ்வளவு சுத்தமெண்டால் வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலிலை கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணு, பாப்பம்.”

அந்த ஊரில் கற்பூரச் சத்தியம் மூலஸ்தான விளக்கைப் பார்த்து நின்று செய்வது. எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்கு மேல் எவருக்கும் பேச்சில்லை. ஆனால் சீவரத்தினத்தின் சாதி ஆட்களைக் கோயில் வாசலைத் தாண்ட விடுவதில்லை. நமசிவாயத்துக்கு அது தெரியாததல்ல. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும், வாசலுக்கு வெளியே மணலில் ஒரு வெற்றிலையை வைத்து, அதில் கற்பூரத்தைக் கொளுத்தி சீவரத்தினம் அடித்தார். கை பொசுங்கியது.

“வெளியிலை நிண்டு அடிக்கிறது சத்தியமோ?” என்றார் நமசிவாயம். “உள்ளுக்கிருக்கிற சாமிக்கு என்னெண்டு தெரியும்?”

“அப்ப உள்ளுக்கு விடுங்கோ ஐயா.”

சால்வையை உதறித் தோளில் போட்ட நமசிவாயம், மாதம் முடியக் கொட்டிலை விட்டுவிடச் சொன்னார்.

திரும்பி நடக்கையில் அருந்ததி தகப்பனின் கையைப் பிடித்துப் பார்த்தாள். நடுவில் ரூபாய்க் குற்றியளவு கொப்புளம். அப்போதுதான் அதைக் கேட்டாள்.

“அப்பு, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஒருநாள், ஒரு வாய்… குடிச்சனீங்களோ?”

அவர் கையை இழுத்துக்கொண்டார். வேகமாக முன்னால் நடந்தார்.

சீனி நொதித்து மதுசாரமாவதைப் பற்றிப் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதியவள் அவள். பழம் புளித்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? மரமேறியின் மகன் குடிக்காமல் இருப்பானா என்று ஊர் நினைத்ததைத்தான் அவளும் நினைத்திருந்தாள். ஊர் வாய்விட்டுச் சிரித்தது. அவள் இரக்கத்தோடு கேட்டாள். எது கூடுதல் கேவலம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் விடியற்புறம் கிணற்றடிக்குப் போனவள் அதைக் கண்டாள். பிளந்த பழத்துக்குப் பக்கத்தில் ஒரு மரநாய், பின்னங்கால்கள் ஒருபக்கம் இழுபட, எழும்புவதும் சரிவதுமாக இருந்தது. வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

“அப்பு, நான் கண்டனான். நீங்கள் சொன்னது உண்மைதான்.”

அவர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “நான் சொல்ல நம்பேல்லை. மரநாய் சொல்ல நம்புறாய்.”

“ஐயாவிட்டைப் போய்ச் சொல்லுறன்.”

“சொல்லு. படிச்சனி.”

நமசிவாயம் தன் வீட்டுப் படலையில் நின்றபடி முழுவதையும் கேட்டார். நொதித்தல், மதுசாரம், மரநாய் எல்லாவற்றையும். பிறகு அவளை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார்.

“தகப்பனுக்காகப் பொய் சொல்லுறாய். குறை சொல்லமாட்டன் பிள்ளை. உப்பிடி விட்டுக்குடுக்காத பிள்ளை கிடைக்கிறதுக்குச் சீவன் குடுத்து வைச்சிருக்க வேணும்.”

திரும்பி வந்தபோது தகப்பன் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிவிட்டிருந்தார்.

“என்னவாம்?”

“நம்பேல்லை அப்பு.”

சீவரத்தினம் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார்.

“அதுக்கென்ன,” என்றார். “அவர் பிறத்தியார்தானே.”