ஆளுக்கொரு ஹலோ

எஸ்.டி.டி. பூத்தில் விரலுக்கு வேலை கொஞ்சம், காதுக்குத்தான் முழுநேர வேலை. கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்கே கேட்கக் கத்துகிறவர்களிடம் மாட்டியவர்களுக்கு இது புரியும். ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில், மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஊர் பூத்தில் நான் வேலைக்கு மாட்டினேன். ஊரார் சொல்லும் ஹலோவையெல்லாம் அவரவர் குரலில் சொல்லிக் காட்டுவது என் தொழில். நம்பர் போட்டுக் கொடுப்பது உபதொழில்.

அந்த வாரம் ஊரே கோவிந்தசாமி மாமாவின் கேஸுக்காகக் காத்திருந்தது. இருபது வருஷமாக அவர் குத்தகைக்கு உழுத, இரண்டு ஏக்கர் வரும் ஆறு மா வயலை விடச் சொல்லிவிட்டார் மிராசுதார். குத்தகைதாரராக மாமா பெயர் பதிவாகுமா, வயல் கையைவிட்டுப் போகுமா என்பதை வக்கீல் எங்கள் பூத்துக்குத்தான் போன் செய்து சொல்வதாக ஏற்பாடு.

மிராசு ஹலோ

வீட்டு போன் செத்துக் கிடந்ததால் மிராசுதாரும் அந்த வாரம் எங்களிடம்தான் வந்தார். அவர் ஹலோ என்றால், 'எழுந்து நின்னு பேசு' என்று அர்த்தம். 'ஹ'வை வயிற்றிலிருந்து எடுத்து, 'லோ'வை மேசைமேல் போடுவார்.

ஆளில்லாத நேரம் அதையே நான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசலில் அவரே நிற்கிறார். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இப்ப பேசினது யாரு தம்பி? நல்ல குடும்பத்து மனுஷன் குரலா இருக்கே."

வெள்ளிக்கிழமை ஹலோ

மும்தாஜ் அக்காவின் வீட்டுக்காரர் குவைத்தில். லீவு நாளான வெள்ளிக்கிழமைதான் போன் வரும். மாமியார் ஒட்டிக்கொண்டு நிற்பார் என்பதால் அக்கா ஹலோவைத் தவிர வேறெதுவும் பேசமாட்டாள். முதல் ஹலோ, 'சாப்பிட்டீங்களா?' இரண்டாவது, 'உங்கம்மா பக்கத்துலதான் நிக்கிறாங்க.' மெதுவாக இழுக்கும் மூன்றாவது, 'எப்பத்தான் வருவீங்க?'

அந்த வெள்ளிக்கிழமை வக்கீல் போனுக்காகக் காலையிலிருந்து கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார் மாமா. அக்கா லைனை விடுகிற வழியாக இல்லை. கடைசியில் மாமியாரே பொறுக்காமல் கேட்டார்: "ஏம்மா, பத்து நிமிஷமா ஹலோ ஹலோங்கிறியே, எம் மவன் இன்னும் லைனுக்கே வரலையா?"

சொல்லாத ஹலோ

அவர்கள் வைத்ததும் மணி அடித்தது. வக்கீல்தான். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறக்கவில்லை. வக்கீல் நாலு தரம் கத்திப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். இரண்டாவது தரமும் அதே கதை.

"பேசினாத்தானே மாமா ஆளு இருக்குன்னு தெரியும்?" என்றேன். மாமா என்னை முறைத்தார்: "வக்கீலய்யாவப் பாத்து ஹலோங்கிறதா? அது பெரியவங்க நம்மள அதட்டுறது மாப்ளே."

ஆறு மா ஹலோ

மூன்றாவது தரம் மணி அடித்தது. இதையும் விட்டால் வக்கீல் கிளம்பிப் போய்விடுவார். "அப்ப நீங்களும் அதட்டுங்க" என்று மிராசு ஹலோவை மாமா காதில் போட்டுக் காட்டினேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு அதை அப்படியே ரிசீவருக்குள் இறக்கினார். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

"சொல்லுங்கய்யா, யாருங்க பேசுறது?" வக்கீல் குரல் எனக்கே கேட்டது. பணிவென்றால் அப்படியொரு பணிவு.

"கோவிந்தசாமி."

"உங்க பேரையே பதிவு பண்ணச் சொல்லிட்டாங்க. வயல் உங்ககிட்டத்தான் இருக்கும்" என்றார் வக்கீல். மாமாவை எப்போதும் 'நீ' என்பவர்தான்; ஏறின மரியாதையை இறக்க அவருக்கு வழி தெரியவில்லை.

லைன் போன பிறகும் மாமா ரிசீவரை வைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னொரு தரம் சொல்லிக்கட்டுமா மாப்ளே? நல்லாருக்கு."

அடுத்த வாரமே பூத் ஓனர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிராசு ஹலோ ஊருக்கே பரவி, பூத்தில் யார் போன் பண்ணினாலும் மிராசுதார்தான் பேசுகிறாரென்று பயந்து எழுந்து எழுந்து நின்றதில் அவருக்கு முட்டி வலி வந்துவிட்டதாம்.