ஐம்பதாம் பக்கத்தில் பிடித்துவிடுவாள்

எங்கள் கட்டடத்தில் இதுவரை கொலை எதுவும் நடந்ததில்லை. நடந்திருந்தால் போலீஸ் ஜீப் வந்து நிற்பதற்குள் எதிர்வீட்டு அக்கா ஆளைப் பிடித்து உட்காரவைத்திருப்பாள். எல்லோரும் அவளை சி.ஐ.டி. அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவள் நான்.

துப்பறியும் கதைகளைப் படித்து ஒரு வாரப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுவது அவள் வேலை. ரத்தம் தெறிக்கிற கதைகளை அவள் தொடமாட்டாள். அவளுடைய கதைகளில் ஒரு சின்ன ஊர் இருக்கும். அந்த ஊரில் ஒரு பேக்கரி, இல்லாவிட்டால் பூக்கடை, அதுவும் இல்லாவிட்டால் கம்பளி நூல் விற்கிற கடை. கடையை நடத்துவது ஒரு பெண். ஒருநாள் கொல்லைக் கதவைத் திறந்தால் ஒரு பிணம் கிடக்கும். இன்ஸ்பெக்டர் தவறாமல் தப்பான ஆளைப் பிடிப்பார். கடைக்காரி மாவு ஒட்டிய கையோடு கிளம்பி, நாலு வீட்டில் டீ குடித்து, நாலு பேர் வாயைப் பிடுங்கி, கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவாள். பூனை ஒன்று கட்டாயம் உண்டு. எனக்கு எல்லாக் கதையும் ஒரே கதையாகத்தான் தெரியும். அக்காவிடம் சொன்னால் கோபம் வரும்.

"ஒரே கதையா? நீ தினமும் ஒரே ரோட்டுலதான் வண்டி ஓட்டக் கத்துத் தர்ற. எல்லாரும் ஒரே மாதிரியா இடிக்கிறாங்க?"

நான் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவள். பொழுது விடிந்தால் ரோடு, பொழுது சாய்ந்தால் வீடு. பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவதும், ஆபத்து வந்தால் என் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிப்பதும் என் பிழைப்பு. அக்காவோ காய்கறி வாங்கக் கீழே இறங்கினால்கூட அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி ஓடி வருவாள்.

காரணம் அவள் மாமியார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து படுக்கைதான். முதுகு புண்ணாகாமல் இருக்க அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், துடைக்க வேண்டும், பவுடர் போட வேண்டும், துணி மாற்ற வேண்டும். ஆள் வைத்துப் பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கிழவியின் வாய்க்கு பயந்து ஓடினார்கள். அந்த அறையின் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அக்காவின் ஆபீஸ் அதுதான். படிப்பதைச் சத்தமாகப் படிப்பாள், மாமியாரும் கேட்பார். ஒவ்வொரு கதையிலும் முதல் அத்தியாயத்திலேயே கிழவி, "அந்தப் போலீஸ்காரன்தான் கொன்னிருப்பான்" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். அக்கா ஐம்பதாம் பக்கம் வரை பொறுப்பாள். அங்கே நிறுத்தி, பென்சிலால் ஓரத்தில் ஒரு பெயரை எழுதிவிட்டு மேலே படிப்பாள். நான் பார்த்தவரை அவள் கணிப்பு தப்பியதேயில்லை.

அவள் விமர்சனத்துக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. அதில் ஒரு குசும்பு இருக்கும். "நல்ல கதை. முடிச்சு நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் கதாநாயகி கதை முழுக்க ஊர் சுற்றுகிறாள். பேக்கரி அடுப்பில் வைத்த கேக்கை யார் எடுத்தார்கள் என்று மட்டும் தெரியவில்லை" என்று எழுதுவாள். படித்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் வீட்டுக்காரர், நான் சார் என்று கூப்பிடுகிறவர், தங்கமான மனுஷர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர், ஹால் சோபாவில் டி.வி.க்கு எதிரே உட்கார்ந்திருப்பார். மனைவியின் விமர்சனம் வந்த வாரம் பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் போன் போட்டு வரிவரியாகப் படித்துக்காட்டுவார். காலையில் வாக்கிங் முடித்து வந்ததும் அம்மா அறைவாசலில் நின்று, "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்பார். அதோடு சோபாவுக்குத் திரும்பிவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வேலை வந்தது. பத்திரிகையில் துப்பறியும் கதைகளுக்கென்று தனிப் பகுதி தொடங்கப்போகிறார்கள். வருகிற கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கவும் பகுதியை நடத்தவும் ஆள் வேண்டும், தினமும் ஆபீசுக்கு வரவேண்டும், ஜன்னலோரம் ஒரு மேஜை காலியாக இருக்கிறது, மேலிடத்தில் பேசிவிட்டு முடிவைப் போனில் சொல்கிறேன் என்றார் எடிட்டர் மேடம். அக்கா என் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஓடி வந்தாள் என்றால் உள்ளே வந்தாள் என்று அர்த்தமில்லை. எப்போதும் என் வாசலில் ஒரு கால், நடையில் ஒரு கால் வைத்துத்தான் நிற்பாள். மாமியார் ஸ்பூனால் டம்ளரைத் தட்டினால் காதில் விழ வேண்டும்.

"மேஜை தர்றாங்களாம்டி. எனக்குன்னு டிராயரோட."

சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். கேட்க மறந்துவிட்டாளாம்.

அன்று சாயங்காலமே வீட்டில் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன். சார் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு முகம் மலர்ந்து, "போயிட்டு வாயேன். யாரு வேண்டாம்னா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அம்மாவை யாரு பாத்துப்பா?" என்றார். தடுக்கும் எண்ணமே இல்லை. உண்மையாகவே அவருக்கு விடை தெரியவில்லை.

"பொண்ணு இருக்காளே. படிப்பு முடிஞ்சு வீட்லதானே இருக்கா. ஒரு மூணு மாசம் சமாளிச்சா, அதுக்குள்ள நல்ல ஆளா பாத்துடலாம்" என்றாள் அக்கா. மகள் தலையை ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்கு வேறு ஊரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, சேரும் தேதிக்காகக் காத்திருந்தாள். மூன்று மாதத்துக்குள் கூப்பிடமாட்டார்கள் என்று எல்லோரும் அவரவர் வசதிக்கு நினைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அக்கா போனும் கையுமாக அலைந்தாள். பழைய கைப்பையை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தாள். எந்த பஸ், எங்கே இறங்கணும் என்று என்னை நச்சரித்தாள். வாரம் போனது, அடுத்த வாரமும் போனது. கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு சத்தமும் இல்லை. அக்கா மேஜையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை. என் போனிலேயே எடிட்டர் மேடத்துக்குப் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, வாசலில் நின்றவள் கையில் திணித்தேன்.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க?" என்றார் மேடம். "மறுநாளே நான் கூப்பிட்டேனே. நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க? மாமியாருக்கு முடியலை, என்னால நகர முடியாதுன்னு. புக்ஸ் அனுப்பறதை மட்டும் நிறுத்திடாதீங்க, அது இல்லாம என்னால இருக்க முடியாதுன்னு வேற சொன்னீங்க. எனக்கே கஷ்டமா போச்சு."

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. மேடம் பேசிக்கொண்டே போனார். இன்னும் யாரையும் போடவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும் என்றார். "யோசிச்சு சொல்றேங்க" என்று அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "யாருக்கா அது? உங்க குரல்ல பேசி உங்க வேலையைக் கெடுத்தது?"

"விடு."

"உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. சொல்லுங்க."

"விமர்சனம் எழுதறவ கொலைகாரன் பேரைச் சொல்லக் கூடாதுடி. தொழில் தர்மம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பட்டென்று சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

நான் விடுவேனா? துப்பறியும் கதை படிக்காவிட்டாலும் அக்கா சொல்லிக் கேட்டே தேறியிருந்தேன். பேசியது பெண் குரல், ஆகவே சார் இல்லை. அக்கா குளிக்கப் போனால் போன் கிடப்பது கிழவியின் தலைமாட்டில். மருமகள் வேலைக்குப் போனால் யாருக்கு நஷ்டம்? கிழவிக்கு. புத்தகம் நின்றுபோனால் யாருக்குக் கதை நிற்கும்? அதுவும் கிழவிக்குத்தான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. மறுநாள் மாணவி ஒருத்தி வண்டியை ரிவர்ஸ் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தபோதே எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியை ஓரம்கட்டச் சொல்லிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கண்டுபிடிச்சுட்டேன். உங்க மாமியார்தான். படுத்துக்கிட்டே எல்லாத்தையும் நடத்துது. குரலை மாத்தி உங்களை மாதிரியே பேசியிருக்கு. கடைசிவரைக்கும் நீங்க கால்மாட்டுலயே கிடக்கணும், அதுக்கு அதான் வேணும். எவ்வளவு கல் நெஞ்சு பாருங்க! நீங்க பாவம் பையைத் துடைச்சு வெச்சுக்கிட்டு போனைப் பாத்துட்டே இருந்தீங்க. கேக்கறீங்களா?"

மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"ஆன்ட்டி, நான் பேசறேன். அம்மா குளிக்கிறாங்க" என்றாள் மகள்.

அச்சு அசல் அக்காவின் குரல். எத்தனை தடவை ஏமாந்திருக்கிறேன், எத்தனை தடவை மூன்று பேரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்தப் பெண் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கடைசியில் மாணவிதான், "மேடம், வண்டி எடுக்கட்டுமா?" என்றாள்.

வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹாலில் சார் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாம்மா" என்றார். சமையலறையில் அக்கா ஈரத் தலையோடு டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் சிங்க் பக்கம் திரும்பி நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"நான்தாம்மா."

"தெரியும்" என்றாள் அக்கா. "புக்ஸை நிறுத்தாதீங்கன்னு சொன்னியாமே. எனக்காக அதைக் கேக்கறவ இந்த வீட்ல வேற யாரு?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"கேட்டா நீ பதில் சொல்லணும். நீ சொல்லிட்டா நான் ஏதாவது செய்யணும்."

மகள் அழுதாள். அழுகையிலும் கோபம் குறையவில்லை. "மூணு மாசம்னு சொன்னே. நீயும் அப்படித்தானேம்மா ஆரம்பிச்சே? பாட்டி எழுந்து நடக்கற வரைக்கும்னு சொன்னே. நான் அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன். நான் அந்த நாற்காலியில உக்காந்தா அப்புறம் யாரு என்னை எழுப்பி விடுவா? கம்பெனியில கூப்பிட்டாங்க. அடுத்த மாசம் சேரணும். உங்கிட்ட சொல்லவே வாய் வரலை."

நான் திட்டுவதற்காக வந்தவள். அந்தப் பெண் சொன்னதில் எதைத் தப்பு என்று சொல்வது? அக்கா மகளின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நீ போய்ச் சேரு. நான் உன்னை எதுக்கு உள்ள தள்ளணும்? உன்னை மாதிரி அப்பவே நான் யோசிக்காம விட்டதுதான் தப்பு." என்னைப் பார்த்து, "உன் போனைக் குடுடி, மேடத்துக்குச் சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு ஆசையை வளத்துக்கிட்டு?" என்றாள்.

போனைக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் எனக்கு வயிறு எரிந்தது. அந்த மேஜை, அந்த டிராயர், அந்தப் பை எல்லாம் கண்முன் வந்தது.

"ஏங்க்கா," என்றேன், "சார் வீட்லதானே இருக்காரு? அவங்க அம்மாதானே? அவரு பாத்துக்கிட்டா என்ன?"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "இவரா?" என்றாள். மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அப்பாவா? பாட்டியைப் புரட்டிப் போட்டு, பவுடர் போட்டு..." என்று தொடங்கினாள். முடிக்க முடியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். என்னைத் தவிர அங்கே எல்லோருக்கும் அது நல்ல ஜோக்காக இருந்தது. நான் சீரியஸாகத்தான் கேட்டேன் என்பதே அவர்களுக்கு உறைக்கவில்லை.

சிரிப்பு அடங்காமலே அக்கா எண்ணைத் தட்டினாள். மேடம் எடுத்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். வர முடியாது போலிருக்கு." அவர் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஆசைதாங்க. ஆனா பாத்துக்க வீட்ல ஆள் இல்லை."

ஹாலிலிருந்து சார், "டீ என்னாச்சு?" என்று கேட்டார்.

"இதோ" என்று அக்கா அடுப்பைக் குறைத்தாள். அவள் முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. மகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஹால் பக்கம் திரும்பி, அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தவள் போல, தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.